கோட்ஸெபூவில் கடைக்குப் போக எந்த ஸ்னோமொபைல்?

அலாஸ்காவில், ஆர்க்டிக் வட்டத்துக்கு மேலே கடலோரமாக இருக்கிறது கோட்ஸெபூ. ஏறக்குறைய 3,000 பேர் இருக்கும் ஊர், வெளியூருக்குப் போக ஒரு சாலைகூடக் கிடையாது. பனி பிடித்துவிட்டால் கடை, தபால் ஆபீஸ், மீன் பிடிக்கிற இடம், பக்கத்து ஊர் சொந்தக்காரர் வீடு என்று எங்கே போகவும் பலர் எடுப்பது பனிமேல் ஓடும் எஞ்சின் வண்டியான ஸ்னோமொபைலைத்தான். அங்கே அதை ஸ்னோமெஷின் என்பார்கள். 1960களில் நாய்வண்டிகளின் இடத்தைப் பிடிக்கத் தொடங்கியது இந்த வண்டி.

விளம்பரங்களில் மலைச்சரிவில் பறக்கிற மாடல்களைத்தான் காட்டுகிறார்கள். மாவு மூட்டையும் டயப்பரும் ஏற்றிக்கொண்டு மெதுவாகப் போகிறவருக்கு அது எதற்கு? அகலமான டிராக் (வண்டியைத் தள்ளும் ரப்பர் பட்டை), ரிவர்ஸ் கியர், பின்னால் ஸ்லெட் என்ற சறுக்குவண்டியை மாட்டக் கொக்கி, இவ்வளவு இருந்தால் போதும். இந்த மாதிரி வேலை வண்டிகளில் உண்மையான போட்டி காற்றால் குளிரும் டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கும் தண்ணீரால் குளிரும் ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கும்தான்.

ஃபோர்-ஸ்ட்ரோக்கின் பலம் பெட்ரோல் சிக்கனம். கோடையில் கப்பலில் வந்து இறங்கும் எரிபொருளை வைத்து ஓடும் ஊரில், விலை எப்படி இருக்கும் என்று சொல்லவே வேண்டாம். புகை குறைவு, சத்தம் குறைவு, தனியாக ஆயில் ஊற்றும் வேலையும் இல்லை. ஆனால் பெரும்பாலான வண்டிகளில் ரேடியேட்டர் வேலையைச் செய்வது டிராக்குக்கு மேலே இருக்கும் தகடுகள், டிராக் வாரி இறைக்கிற பனி அதில் பட்டால்தான் சூடு இறங்கும். காற்று துடைத்துவிட்ட கடல் பனிக்கட்டியிலும் இறுகிப்போன தெருவிலும் இறைக்க உதிரிப்பனி ஏது? எஞ்சின் சூடேறிவிடும். பனிக்கட்டியைச் சுரண்டிவிடும் கம்பிகளை மாட்டினால் கொஞ்சம் சமாளிக்கலாம். அப்புறம் எடை. ஆற்றுப் பனிக்கட்டிக்கு மேலே தேங்கிய நீரும் பனியும் கலந்த சகதியில் சிக்கினால், கனமான வண்டியை ஒரே ஆள் வெளியே இழுப்பது பெரிய பாடு.

டூ-ஸ்ட்ரோக்கில் ஃபேன் சுற்றினால் எஞ்சின் குளிரும், தரையில் பனி எப்படி இருந்தாலும் கவலையில்லை. எடையும் குறைவு, உள்ளே இருப்பதும் எளிய எஞ்சின், வீட்டு வாசலிலேயே பிரித்துப் பார்க்கலாம். கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும் மாடலாக இருந்தால் மைனஸ் 35 டிகிரியில் பேட்டரி படுத்துவிட்டாலும் ஊர் வந்து சேரலாம், எனக்கு இது ஒன்றே போதும். பெட்ரோல் அதிகமாகக் குடிக்கும், புகை துணியில் ஏறும், உண்மைதான். ஆனாலும் தினமும் சின்னச் சின்னத் தூரம் ஓடி நின்று ஓடுகிற வேலைக்கு என் ஓட்டு இதற்குத்தான். வாரம்தோறும் 70 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் நூர்விக் வரை போய் வருகிறவர் என்றால் சரி, ஃபோர்-ஸ்ட்ரோக் வாங்கட்டும், மிச்சமாகும் பெட்ரோலே வித்தியாசத்தைக் காட்டும்.

எலக்ட்ரிக் வண்டி ஊருக்குள் மட்டும் என்றால் அருமை. ஸ்கி-டூ விற்கும் எலக்ட்ரிக் மாடலுக்கு நிறுவனமே சொல்லும் தூரம் சுமார் 50 கிலோமீட்டர், குளிரில் அதுவும் குறையும். நூர்விக் போக அது பத்தாது.

பிக்கப் வண்டி? கைக்குழந்தையோடு மருத்துவமனைக்குப் போக அதைவிட நல்லது இல்லை. ஆனால் எஞ்சின் ஹீட்டரை மின்சாரத்தில் செருகி வைக்க வேண்டும், ஊர் எல்லையோடு அதன் வேலையும் முடிந்தது.

ஸ்னோமொபைலில் எதை வாங்கினாலும் ஸ்லெட்டைக் கயிற்றில் கட்டாதீர்கள், பிரேக் பிடித்தால் நேராக வந்து பின்னால் மோதும். இரும்புக் கம்பி இணைப்புப் போடுங்கள். முட்டையையும் பாலையும் வெளிக்குளிர் உள்ளே புகாத கூலர் பெட்டிக்குள் வைத்து மூடுங்கள், வீடு வரும்வரை உறையாமல் இருக்கும்.