ஹாம்பர்க்கா, லிவர்பூலா?

1960-களின் தொடக்கத்தில், பகலில் வேலையும் இரவில் கிதாருமாக இருந்த லிவர்பூல் பீட் குழுக்களுக்கு (ராக் அண்ட் ரோல் வாசித்த இளைஞர் குழுக்கள்) இந்தக் கேள்வி வந்தது: ஜெர்மனியின் ஹாம்பர்க் நகருக்குப் போய் கிளப்களில் வாசிப்பதா, இங்கிலாந்தில் சொந்த ஊரான லிவர்பூலிலேயே வாசிப்பதா?

வருமானம்: 1960 ஆகஸ்டில் ஹாம்பர்க் சென்ற பீட்டில்ஸுக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 30 மார்க் (அன்றைய ஜெர்மன் நாணயம்). லிவர்பூலின் காவர்ன் கிளப்பில் மதிய நிகழ்ச்சிக்குக் குழு முழுவதற்குமே 5 பவுண்டு.

உழைப்பு: ஹாம்பர்க்கில் வார நாளில் நாலரை மணி நேரம், சனிக்கிழமை ஆறு. தெரிந்த பாட்டெல்லாம் தீர்ந்துபோகும். ஒரே பாட்டை நீட்டி நீட்டி வாசித்தாக வேண்டும். அந்தக் கட்டாயம்தான் அவர்களின் தாளத்தை இறுக்கியது என்பேன். காவர்னின் மதியக் கச்சேரியோ அலுவலக உணவு இடைவேளைக்கானது.

தங்குமிடம்: அங்கே திரையரங்கின் பின்புறம் சன்னலில்லாத அறை, இங்கே வீடு.

சட்டம்: பீட்டில்ஸின் 17 வயது கிதார் கலைஞர் ஜார்ஜ் ஹாரிசனை ஜெர்மனி திருப்பி அனுப்பியது. 18 நிரம்பாதவர் குழுவில் இருந்தால் ஹாம்பர்க் வேண்டாம்.

வேலையை விட மனமில்லாதவர்களுக்குக் காவர்ன் போதும். இசையே பிழைப்பு என்று துணிந்தவர்களுக்கு ஹாம்பர்க்தான்.