இன்டராக்‌ஷன் டிசைன் மாஸ்டர்ஸ்: பவாயா, பிட்ஸ்பர்கா, உமியோவா?

பி.இ. முடித்து இரண்டு மூன்று வருடம் கோடிங் வேலை பார்த்துவிட்டு, "மனசு டிசைன் பக்கம்தான் போகுது, மாஸ்டர்ஸ் எங்கே படிக்கலாம்?" என்று என்னிடம் கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் மூன்று பெயர்களோடு வருகிறார்கள். மும்பை பவாயில் இருக்கும் பம்பாய் ஐஐடியின் டிசைன் பள்ளியான ஐடிசி, அமெரிக்காவின் பிட்ஸ்பர்கில் இருக்கும் கார்னகி மெலன் பல்கலைக்கழகம், ஸ்வீடனின் உமியோ நகரத்து டிசைன் பள்ளி. மூன்றுமே நல்ல இடங்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் மூன்றில் எது உசத்தி என்று அவர்கள் கேட்கும்போதுதான் கவலை வருகிறது. வேலைக்கு எடுப்பவர்கள் மூன்றையும் ஒரே கணக்கில் வைத்தாலும், காலையில் எழுந்து நீங்கள் செய்யப்போகும் வேலை மூன்று ஊரிலும் மூன்று விதம். அந்த வேலை பிடிக்காவிட்டால் தரவரிசையில் எத்தனாவது இடம் என்பது உங்களை இரண்டு வருடம் தாங்காது.

ஒரு கருவியையோ திரையையோ மனிதர் எப்படி உபயோகிக்கிறார் என்பதை வடிவமைக்கும் இந்தத் துறை பிறந்த விதம் அப்படி. 1980களில் பில் மாக்ரிட்ஜ், பில் வெர்ப்ளாங்க் என்ற இரண்டு வடிவமைப்பாளர்கள் சேர்ந்து வைத்த பெயர்தான் இன்டராக்‌ஷன் டிசைன். மாக்ரிட்ஜ் அடிப்படையில் பொருட்களை வடிவமைப்பவர். கிரிட் காம்பஸ் என்ற ஆரம்பகால மடிக்கணினிக்கு உருவம் கொடுத்தவர். அதைத் திறந்து வேலை செய்ய ஆரம்பித்ததும், தான் பார்த்துப் பார்த்துச் செய்த கீலும் பெட்டியும் மறந்துபோய்த் திரைக்குள் நடப்பதிலேயே மூழ்கிவிட்டதை அவர் கவனித்தார். அப்படியானால் திரைக்குள் நடப்பதையும் யாராவது வடிவமைக்க வேண்டுமே என்ற யோசனை அங்கிருந்து வந்தது. ஆக இந்தத் துறைக்கு ஒரு கால் பொருள் வடிவமைப்பில், இன்னொரு கால் கணினி அறிவியலில். எந்தப் பள்ளி எந்தக் காலை அழுத்தி ஊன்றியிருக்கிறது என்று பார்த்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஒரு உதாரணத்தை வைத்துக்கொள்வோம். வயதான ஒருவர் வீட்டிலேயே சர்க்கரை அளவைப் பார்த்து, அடுத்த முறை டாக்டரிடம் காட்டும்படி குறித்துவைக்க ஒரு கருவி வேண்டும். இதை மூன்று இடத்திலும் கொடுத்தால் என்ன நடக்கும்?

பிட்ஸ்பர்கில் முதலில் ஒரு குழு அமையும். கார்னகி மெலனின் எம்எச்சிஐ (மாஸ்டர் ஆஃப் ஹியூமன்-கம்ப்யூட்டர் இன்டராக்‌ஷன்) படிப்பு கணினி அறிவியல் பள்ளிக்குள் இருக்கிறது; பட்டத்தின் பெயரில் டிசைன் என்ற சொல்லே கிடையாது. 12 மாதம், மூன்று செமஸ்டர், இடைவெளி இல்லாமல் ஓடும். இதன் உயிர்நாடி, கடைசி இரண்டு செமஸ்டரும் நீளும் கேப்ஸ்டோன் புராஜெக்ட்: நாலைந்து பேர் சேர்ந்து, நிஜமான ஒரு வாடிக்கையாளர் நிறுவனத்துக்கு, ஆய்வில் ஆரம்பித்து வேலை செய்யும் மாதிரி வரை கொண்டுபோக வேண்டும். சர்க்கரைக் கருவி என்றால், இருபது முப்பது பேரைப் பேட்டி எடுப்பீர்கள், சுவர் நிறைய மஞ்சள் சீட்டு ஒட்டி அதை அடுக்குவீர்கள், மாதிரியைப் பயனரிடம் கொடுத்து எங்கே தடுமாறுகிறார் என்று எண்ணிக் கணக்கெடுப்பீர்கள், கடைசியில் வாடிக்கையாளர் முன்னால் நின்று ஒவ்வொரு முடிவுக்கும் காரணம் சொல்வீர்கள். ஒரு பெரிய கம்பெனியில் முதல் நாள் உட்கார்ந்ததுமே வேலை செய்யத் தெரிய வேண்டும் என்றால் இதைவிட நேரான பயிற்சி எனக்குத் தெரியாது.

ஆனால் 12 மாதம் என்பதற்குள் ஒரு சிக்கல் இருக்கிறது, அதை யாரும் முன்கூட்டியே யோசிப்பதில்லை. கோடை விடுமுறையே கிடையாது, அதனால் நடுவில் இன்டர்ன்ஷிப் போய் ஒரு கம்பெனிக்குள் கால் வைக்க வழி இல்லை. வேலை தேடுவதையும் கேப்ஸ்டோனையும் ஒரே மூச்சில் செய்ய வேண்டும். டிசைன் வேலை தேட போர்ட்ஃபோலியோ, அதாவது செய்த வேலைகளின் தொகுப்பு, வேண்டும், அந்த போர்ட்ஃபோலியோவில் வைக்க வேண்டிய நல்ல புராஜெக்டோ இன்னும் முடிந்திருக்காது. ஏற்கெனவே இரண்டு மூன்று வருடம் டிசைன் வேலை பார்த்தவர்கள் இதைச் சமாளித்துவிடுவார்கள். நேற்றுவரை ஜாவா எழுதியவருக்கு இது மூச்சுமுட்டும். அப்புறம் ஒரு விஷயம்: அதே பல்கலைக்கழகத்தில் ஸ்கூல் ஆஃப் டிசைன் என்று தனியாக ஒன்று நுண்கலைக் கல்லூரியின் கீழ் இருக்கிறது, அங்கே தனி எம்.டெஸ். (மாஸ்டர் ஆஃப் டிசைன்) உண்டு. இரண்டையும் ஒன்றென்று நினைத்து விண்ணப்பித்தவர்களை எனக்குத் தெரியும், அதனால் சொல்கிறேன்.

உமியோவில் அதே சர்க்கரைக் கருவிக்கு நீங்கள் அட்டையை வெட்டிக்கொண்டிருப்பீர்கள். 1989இல் தொடங்கிய பள்ளி அது, இண்டஸ்ட்ரியல் டிசைன் வழியில் வந்தது. இரண்டு வருட மாஸ்டர்ஸ், மிகச் சிறிய வகுப்பு, ஒவ்வொருவருக்கும் தன் மேசை, பக்கத்திலேயே பட்டறை. ஃபோமில் ஒன்று, அட்டையில் ஒன்று, அர்டுயினோ என்ற சின்ன மின்னணுப் பலகை வைத்து விளக்கு எரிகிற மாதிரி ஒன்று என்று பத்து கருவி செய்து, நடுங்கும் விரலுக்கு எந்தப் பொத்தான் அகப்படுகிறது என்று கையால் கண்டுபிடிப்பீர்கள். திரையே இல்லாத கருவியாகக்கூட அது முடியலாம்.

இதற்குப் பின்னால் ஒரு மரபு இருக்கிறது, எனக்கு இந்தத் துறையிலேயே மிகப் பிடித்த கதை. 1980களின் தொடக்கத்தில் ஸ்காண்டிநேவியாவில் யுடோப்பியா என்று ஒரு திட்டம். பத்திரிகை அச்சகங்களுக்குக் கணினி வரப்போகிறது, அச்சுத் தொழிலாளர்களின் கைத்திறன் என்ன ஆகும் என்ற பயம். அவர்களுடைய தொழிற்சங்கமே ஆய்வாளர்களோடு உட்கார்ந்து, வரப்போகும் கருவி எப்படி இருக்க வேண்டும் என்று தீர்மானிக்க முயன்றது. கருவி இன்னும் கிடைக்கவில்லை, அதனால் வெறும் அட்டைப்பெட்டியை வைத்து அதை லேசர் பிரிண்டர் என்று வைத்துக்கொண்டு, தொழிலாளர்கள் அதைச் சுற்றி வேலை செய்து பார்த்தார்கள். உபயோகிக்கப் போகிறவர் வடிவமைக்கும்போதே அறையில் இருக்க வேண்டும் என்ற எண்ணம் உலகம் முழுக்கப் பரவியதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. ஸ்வீடனில் படித்தால் இந்த எண்ணத்துக்குப் பக்கத்திலேயே வாழலாம்; அங்கே இருக்கும் மால்மோ பல்கலைக்கழகத்துக்கும் இது பொருந்தும்.

குளிரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உமியோ ஆர்க்டிக் வட்டத்துக்கு ஏறக்குறைய 300 கிலோமீட்டர் தெற்கே இருக்கிறது, டிசம்பரில் பகல் ஐந்து மணி நேரம்கூட இருக்காது. வெயிலில் வளர்ந்த உடம்புக்கு இது சின்ன விஷயம் இல்லை. 2011 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்கள் கட்டணம் கட்ட வேண்டும், ஆகவே ஸ்வீடனில் படிப்பு இலவசம் என்று யாராவது சொன்னால் அது பழைய செய்தி.

இப்போது பவாய். ஐடிசி 1969இல் தொடங்கியது, அதுவும் இண்டஸ்ட்ரியல் டிசைனில்தான். ஆனால் சுற்றிலும் ஒரு பெரிய பொறியியல் வளாகம், வாசலைத் தாண்டினால் மும்பை. சர்க்கரைக் கருவியை இங்கே கொடுத்தால் எழும் முதல் கேள்வியே வேறாக இருக்கும்: எந்த மொழியில்? அவருக்கு எண்ணைத் தவிர வேறு படிக்கத் தெரியுமா? கருவியைப் படித்துச் சொல்வது பேத்தியா, மருமகளா? அந்த ஃபோன் யாருடைய ஃபோன்? மற்ற இரண்டு ஊரிலும் இந்தக் கேள்விகள் வரலாம், ஆனால் பவாயில் இவற்றைத் தாண்டி அடுத்த படிக்குப் போக முடியாது.

இதற்கு ஸ்வரசக்ரா விசைப்பலகையைச் சொல்லலாம், ஐடிசியில் உருவானது. மெய்யெழுத்தைத் தொட்டு அழுத்தினால் அதைச் சுற்றி ஒரு சக்கரம் விரியும், க-வைத் தொட்டால் கா, கி, கூ எல்லாம் சுற்றி நிற்கும், விரலை அந்தப் பக்கம் இழுத்தால் எழுத்து விழும். தமிழிலும் வந்தது. ஆங்கில விசைப்பலகையின் மேல் நம் எழுத்தைத் திணிக்காமல், உயிர்மெய் என்று நாம் பள்ளியில் கற்ற ஒழுங்கையே இடைமுகமாக்கிய யோசனை அது. நம் மொழிகளுக்கு இப்படிச் செய்ய வேண்டிய வேலை இன்னும் மலைபோல் கிடக்கிறது, அதைச் செய்யப் பழகும் இடம் என்று பார்த்தால் என் மனசு ஐடிசி பக்கம்தான் சாய்கிறது. ரூபாய் சின்னத்தை வரைந்த கள்ளக்குறிச்சிக்காரர் உதயகுமாரும் அண்ணா பல்கலைக்கழகத்தில் கட்டிடக்கலை படித்துவிட்டு அங்கே போனவர்தான். அவர் படித்தது விஷுவல் கம்யூனிகேஷன், இன்டராக்‌ஷன் இல்லை; ஆனாலும் தமிழ் எழுத்துருவையே ஆராய்ச்சியாக எடுத்துக்கொள்ள அந்த வளாகத்தில் இடம் இருந்தது என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ஐடிசிக்கு உள்ளே போக சீட் (CEED) என்ற டிசைன் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். ஜனவரியில் நடக்கும், மூன்று மணி நேரம். முதல் பகுதி கணினியில், இரண்டாம் பகுதி பேப்பரில் வரைந்தும் எழுதியும். வயது வரம்பு இல்லை, எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுதலாம், ஆனால் மதிப்பெண் ஒரு வருடத்துக்குத்தான் செல்லும். பொறியியல் படித்தவர்கள் பயப்படுவது அந்த இரண்டாம் பகுதிக்குத்தான். நானும் பயந்திருக்கிறேன். அழகாக வரைய வேண்டும் என்று நினைத்து நிழல் தீட்டுவதிலேயே நேரத்தைக் கரைத்தேன். ஒரு மனிதர் குடையும் பையுமாகப் பஸ் ஏறுவதை மற்றவருக்குப் புரியும்படி நாலு கோட்டில் போட முடிகிறதா என்பதுதான் விஷயம், அது ஆறு மாதம் தினமும் வரைந்தால் வந்துவிடும்.

ஐடிசியில் குறை இல்லையா? இருக்கிறது. இரண்டாம் வருடப் புராஜெக்டுகள் பெரும்பாலும் தனியாகச் செய்வது, வழிகாட்டி அமைவதைப் பொறுத்து அது பொன்னாகலாம், தேங்கியும் போகலாம். டிசம்பர் வந்தால் எந்த ஐஐடி வளாகத்திலும் பிளேஸ்மென்ட் பேச்சுதான், அந்தக் காற்றில் தீசிஸ் மேல் கவனம் வைப்பது லேசு இல்லை.

பெங்களூரு என்ஐடியைப் (நேஷனல் இன்ஸ்டிடியூட் ஆஃப் டிசைன்) பற்றியும் கேட்பார்கள். அங்கே எம்.டெஸ். இரண்டரை வருடம், தேர்வு வேறு, கட்டணம் ஐஐடியைவிட அதிகம், கலைப்பள்ளியின் சூழல் கூடுதல். ஐடிசி கிடைக்காதவர்களின் மாற்று என்று அதைப் பார்க்காதீர்கள், கையால் செய்து பழக ஆசைப்படுகிறவருக்கு அதுவே முதல் தேர்வாக இருக்கலாம்.

பணம். பிட்ஸ்பர்கில் கட்டணத்தோடு தங்கும் செலவையும் சேர்த்தால் ஒரு கோடி ரூபாய்க்குப் பக்கத்தில் போகும். உமியோ அதைவிடக் குறைவு, ஆனால் இரண்டு வருடம். ஐடிசியின் செலவை இவற்றோடு ஒப்பிடவே முடியாது, அவ்வளவு குறைவு. பிட்ஸ்பர்க் போகிறவர்கள் சொல்லும் கணக்கு, படிப்பு முடிந்ததும் அங்கேயே வேலை பார்க்க 12 மாத அனுமதி (ஓபிடி), ஸ்டெம் எனப்படும் அறிவியல்-தொழில்நுட்பப் படிப்பு என்பதால் மேலும் 24 மாதம், அதற்குள் கடனை அடைத்துவிடலாம் என்பது. முதல் வேலை உடனே கிடைத்தால் கணக்கு சரி. கிடைக்காமல் ஆறு மாதம் தள்ளினால், வீட்டை அடமானம் வைத்த அப்பாவிடம் ஃபோனில் என்ன சொல்வீர்கள் என்று யோசித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். கையில் போர்ட்ஃபோலியோ இல்லாமல், கடன் வாங்கி, துறை மாறுவதற்காக மட்டும் ஒரு வருடப் படிப்புக்குப் போவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

ஏற்கெனவே டிசைன் வேலையில் இருந்து, அமெரிக்காவில்தான் வேலை பார்க்க வேண்டும் என்ற தெளிவும், கடன் சுமை பெரிதாக இல்லாத நிலையும் இருந்தால் பிட்ஸ்பர்க். திரையைவிடப் பொருளும் கையும் பிடிக்கும், மெதுவாகக் கற்க முடியும், தனிமையைத் தாங்குவேன் என்றால் உமியோ. மற்ற எல்லோருக்கும், அதாவது என்னிடம் கேட்டு வருகிற பத்தில் எட்டு பேருக்கு, முதலில் சீட் எழுதுங்கள் என்பேன், முதல் தடவை கிடைக்காவிட்டால் இரண்டாவது தடவையும்.

நாள் கணக்கை மட்டும் மறந்துவிடாதீர்கள். சீட்டுக்கு விண்ணப்பம் அக்டோபர், நவம்பர் வாக்கில் முடிந்துவிடும், தேர்வு ஜனவரி. அமெரிக்க விண்ணப்பம் டிசம்பர், ஜனவரி வாக்கில். ஸ்வீடனுக்கு ஜனவரி நடுவில். மூன்றும் ஒரே நேரத்தில் வந்து விழுவதால், எதற்குப் போவதானாலும் தீபாவளிக்குள் காட்டுகிற மாதிரி இரண்டு மூன்று புராஜெக்ட் கையில் இருக்க வேண்டும். அதில் ஒன்றாவது உங்கள் வீட்டில் யாரோ தினமும் திட்டிக்கொண்டே உபயோகிக்கும் ஒரு பொருளைப் பற்றியதாக இருக்கட்டும்.