ஹகோனேயா, கினோசாகியா?

ஜப்பானில் ரியோகான் எனும் பாரம்பரிய விடுதியில் தங்கி வெந்நீர் ஊற்றில் குளிக்க, டோக்கியோவிலிருந்து கிளம்புபவர்களுக்கு ஹகோனே சுலபம். டோக்கியோவின் ஷின்ஜுகு நிலையத்திலிருந்து ரயிலில் சுமார் ஒன்றரை மணி நேரம். பிறர் முன் ஆடையின்றிக் குளிக்கக் கூச்சமா? அறையோடு சேர்ந்த தனித்தொட்டி உள்ள விடுதிகள் அங்கே நிறைய, வாடகைதான் கூடுதல்.

என் ஓட்டு கினோசாகிக்கு. கியோட்டோவிலிருந்து இரண்டரை மணி நேரம் ஆகும், ஆகட்டுமே. ஊரையே ஒரே விடுதியாகக் கருதும் இடம் அது. 7 பொதுக் குளியல் இல்லங்களுக்குப் பேர்போனது. விடுதியில் தரும் யுகாட்டா எனும் மெல்லிய பருத்தி அங்கியை இடப்பக்கம் மேலே வரும்படி உடுத்தி, மரச்செருப்பு டக் டக்கென ஒலிக்க, வில்லோ மரங்கள் நிற்கும் ஆற்றங்கரை வழியே ஒவ்வொன்றாகப் போய்வரலாம். பச்சை குத்தியவர்களுக்கும் தடையில்லை. நவம்பர் முதல் மார்ச் வரை நண்டு விருந்து. அப்போது விலையும் ஏறும். அப்புறம், சைவர்கள் எங்கே பதிவு செய்தாலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், சூப்பில்கூட மீன் சாறு இருக்கும்.