41 பிளகின், வாழ்நாள் உரிமம், 7,500 ரூபாய்: குமரி மாவட்ட ஸ்டுடியோக்காரர்கள் கவனத்துக்கு

நேற்று ராத்திரி குளச்சலில் இருந்து ஒரு தம்பி வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரத்தை அனுப்பி, "அண்ணே, இது வாங்கலாமா?" என்று கேட்டிருந்தார். வித்தியாசமான சவுண்ட் டிசைன் பிளகின்கள் 60, வாழ்நாள் உரிமம், ரிமோட்டில் ஏற்றித் தரப்படும் என்று அதில் இருந்தது. பிளகின் என்றால் ரெக்கார்டிங் மென்பொருளுக்குள் சேர்த்துக்கொள்ளும் சின்ன மென்பொருள், சத்தத்தை மாற்றித் தரும். போன் நம்பர் புதிது. படமும் வாசகமும் போன அக்டோபரில் எனக்கு வந்தவையேதான். அப்போது 41 என்று போட்டிருந்தார்கள். அந்த 41ஐ 7,500 ரூபாய் கொடுத்து வாங்கியவன் நான். தம்பியிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர் ஒருவரிடம் சொன்னால் போதாது என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன்.

மார்த்தாண்டம் பக்கம் வீட்டு மாடியறையில் ரெக்கார்டிங் செய்து வருகிறேன். கிறிஸ்தவப் பாடல்கள், கோயில் கொடைக்கான பாடல்கள், எப்போதாவது ஒரு குறும்படம். இந்த வேலைக்கு, ஓசையின் ஏற்ற இறக்கத்தையும் எதிரொலியையும் சரிசெய்யும் ஈக்யூ, கம்ப்ரஸர், ரிவர்ப் என்ற சாதாரண பிளகின்கள் போதும். போன வருஷம் ஒரு கடற்கரை ஊரின் தேவாலயப் பங்குப் பேரவையில் இருந்து வந்து, ஒக்கிப் புயல் நினைவு நாளுக்குப் பாட்டு வேண்டாம், சத்தங்களை மட்டும் வைத்து 9 நிமிடத்துக்கு ஒன்று செய்து தர முடியுமா என்று கேட்டார்கள். 2017 நவம்பர் 29 ராத்திரி ஆழ்கடலில் நின்றவர்கள் காதில் என்ன விழுந்திருக்கும் என்று கரையில் இருக்கிறவர்கள் ஒரு தடவையாவது உட்கார்ந்து கேட்க வேண்டும் என்றார் வந்தவர்களில் ஒரு பெரியவர். இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு வேலை எனக்கு வந்ததில்லை.

ஒரு மாதம் அலைந்து சத்தம் சேர்த்தேன். முட்டம் பாறையில் அலை, முப்பந்தலில் காற்றாலை இறக்கைகளின் உறுமல், ஒரு வள்ளத்தின் மோட்டார், பழைய வயர்லெஸ் செட்டின் இரைச்சல். தோவாளைப் பக்கத்து வில்லுப்பாட்டுக் குழு ஒன்று குடத்தையும் உடுக்கையையும் தனித்தனியாக அடித்துக் கொடுத்தது. இவற்றை அப்படியே அடுக்கினால் அது வெறும் பதிவு. காற்று மெல்ல மெல்ல மனிதக் குரல் மாதிரி ஆக வேண்டும், உடுக்கை சிதறி மழையாக வேண்டும். அதற்குத்தான் கிரானுலர், ஸ்பெக்ட்ரல் வகை பிளகின்களைத் தேட ஆரம்பித்தேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கிரானுலர் என்பது சத்தத்தை அரிசி மணி மாதிரி உடைப்பது. ஒவ்வொரு மணியும் ஒரு நொடியில் நூறில் சில பங்குதான் இருக்கும். அந்த மணிகளை முன்பின்னாக மாற்றி, ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி, சுருதியைக் கூட்டிக் குறைத்துக் கொட்டினால், ஒரே ஒரு உடுக்கை அடியில் இருந்து முழு மழையே வரும். ஸ்பெக்ட்ரல் வகை, சத்தத்தை அதிர்வெண் அதிர்வெண்ணாகப் பிரித்து, ஒன்றை நிறுத்தி வைத்து மற்றதை ஓட விடும். நம் பக்கத்தில் இதைப் பயன்படுத்துகிறவர்கள் குறைவு. அதனால் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் ஆள் குறைவு. ஏமாற்றுகிறவருக்கு அது வசதியாகப் போய்விடுகிறது.

மைக், கேபிள் விற்கும் ஒரு கடையில் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது அந்த விளம்பரத்தை அனுப்பிய ஆளின் நம்பர் கிடைத்தது. போனில் ரொம்பப் பணிவாகப் பேசினார். "அண்ணே, ஒண்ணும் பேடிக்காண்டாம். எல்லாம் ஒரிஜினல், கம்பெனிக்கு நாம ரீசெல்லர், கேட்டியளா" என்றார். ஒரு பட்டியல் அனுப்பினார். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு விலை, எல்லாம் கூட்டினால் லட்சத்தைத் தாண்டும், அதன்மேல் சிவப்புக் கோடு போட்டு 7,500. முதலில் 5,000, ஏற்றி முடித்ததும் 2,500 என்று யுபிஐயில் அனுப்பினேன். பில் கேட்டதற்கு, மெயிலில் வரும் என்றார். இன்றுவரை வரவில்லை.

அக்டோபர் 27 அன்று ரிமோட்டில் வந்து ஏற்றினார். ஆரம்பிக்கும் முன்பே, "ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணிக்கிடுங்க, அது சும்மா கிடந்து சத்தம் போடும்" என்றார். அந்த இடத்திலேயே லைனைத் துண்டித்திருக்க வேண்டும். நான் ஆஃப் செய்தேன். இரண்டு மணி நேரம் திரையில் அம்புக்குறி தானாக ஓடியதைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். முடிந்ததும் 41 பெயரும் நான் ரெக்கார்டிங்குக்குப் பயன்படுத்தும் ரீப்பர் மென்பொருளில் வந்துவிட்டன. எல்லாம் வேலை செய்தன. அடுத்த நான்கு வாரமும் சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

நவம்பர் 25 அன்று மிக்ஸிங் முடிந்தது. 28 ராத்திரி, கடலில் இருந்து திரும்பாதவர்களின் பெயர் வாசிக்கும் இடத்தில் ஒரு குரலை மட்டும் கொஞ்சம் ஏற்றிவிட்டு மறுபடி ரெண்டர் (முழுவதையும் ஒரே ஆடியோ கோப்பாக) எடுத்தேன். முதல் இரண்டு நிமிடம் கேட்டேன், சரியாக இருந்தது. பென் டிரைவில் போட்டுக் கொடுத்துவிட்டேன். இது முழுக்க என் தவறு, அதை மறைக்கவில்லை.

30ஆம் தேதி சாயங்காலம் கடற்கரையில் நாற்காலி போட்டிருந்தார்கள். ஆறாவது நிமிடத்தில் காற்று அடங்கி, வயர்லெஸ் செட்டின் மெல்லிய ஓசை மட்டும் இருக்கும். அதன் பிறகு பெயர்கள். அந்த இடத்தில் ஸ்பீக்கர் முழுச் சத்தத்தில் 'சர்ர்ர்' என்று இரண்டு நொடி இரைந்தது. குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் மறுபடி அதே இரைச்சல், பெயர் வாசிப்பின் நடுவிலேயே. அப்புறம் ஓரிடத்தில் சத்தமே இல்லாமல் நின்று மீண்டும் வந்தது. அந்த இடைவெளியில் மூன்று பெயர்கள் காணாமல் போயின. முடிந்த பிறகு ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த சர்ருன்னு வந்தது என் மோன் பேசின வயர்லெஸ்ஸா மக்கா?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அந்த ஆளிடம் நான் இழந்தது 7,500 ரூபாய் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

வீட்டுக்கு வந்து திறந்து பார்த்தேன். அந்த இரைச்சல் வந்தது ஒரு கிரானுலர் பிளகினில் இருந்து. 30 நாள் சோதனைப் பதிப்பு. நாள் முடிந்தால் இடையிடையே இரைச்சலைப் போடும்படி அதைச் செய்தவர்களே வைத்திருக்கிறார்கள். சத்தம் நின்றது இன்னொரு பிளகினில், அதுவும் டெமோ. டெமோவில் இரைச்சலோ மௌனமோ நுழைப்பது பல நிறுவனங்கள் வெளிப்படையாகச் சொல்லிச் செய்கிற வழக்கம்தான், அவர்கள்மேல் குறை இல்லை. சோதனைக் காலம் முடிந்த அறிவிப்பு அந்தப் பிளகினின் சொந்த ஜன்னலைத் திறந்தால்தான் தெரியும். 28ஆம் தேதி நான் அதைத் திறக்கவே இல்லை.

அந்த ஆளை அழைத்தேன். "ரினிவல் பண்ணணும் அண்ணே, ஒரு 1,500 போடுங்க" என்றார். வாழ்நாள் என்று சொன்னீர்களே என்றேன். மறுநாள் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்.

தக்கலையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் அக்கா மகன் வந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒவ்வொன்றாகப் பார்த்தான். 41இல் 9 சோதனைப் பதிப்புகள். 13 உரிமப் பூட்டு உடைக்கப்பட்டவை, பதிவு செய்தவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ ஒரு கும்பலின் பெயர் இருந்தது. மீதி 19, அதைச் செய்தவர்களே உலகத்துக்கு இலவசமாகக் கொடுப்பவை. ஆம், இலவசம். வல்ஹல்லா சூப்பர்மாசிவ் 2020இல் வந்த நாளில் இருந்தே இலவசம். கிளிட்ச்மெஷின்ஸின் ஃப்ராக்சரும் ஹிஸ்டரிசிஸும் இலவசம். ஒரு நொடிச் சத்தத்தை மணிக்கணக்கில் இழுத்துவிடும் பால்எக்ஸ்ஸ்ட்ரெச் இலவசம், மூல நிரலே திறந்து கிடக்கிறது. ஏர்விண்டோஸ் என்ற பெயரில் ஒரே மனிதர் நூற்றுக்கணக்கான பிளகின்களைச் செய்து இலவசமாகத் தருகிறார், விருப்பப்பட்டவர்கள் கொடுக்கும் ஆதரவுப் பணத்தில் அது நடக்கிறது. அவருடைய உழைப்புக்கு எதிரே 'மதிப்பு 4,000' என்று போட்டு இந்த ஆள் விற்றிருக்கிறார். செய்தவருக்கு ஒரு பைசா போகவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பிறகு இன்னும் மோசமானது தெரிந்தது. விண்டோஸ் பாதுகாப்பில் விலக்குப் பட்டியல் என்று ஒன்று உண்டு, அதில் உள்ளதை ஆன்டிவைரஸ் பார்க்காது. அதில் என் சி டிரைவ் முழுவதையும் சேர்த்து வைத்திருந்தார். ஆன்டிவைரஸை நான் திரும்ப ஆன் செய்ததற்கு அர்த்தமே இல்லாமல் போயிருந்தது. எந்த இணைய முகவரி எங்கே போகும் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் ஹோஸ்ட்ஸ் என்ற கோப்பில் சில நிறுவனங்களின் உரிமச் சர்வர் முகவரிகளை அடைத்து வைத்திருந்தார். காசு கொடுத்து நியாயமாக வாங்கிய ஒரு பிளகின் நவம்பர் முழுக்க ஆக்டிவேட் ஆகாமல் என்னைப் படுத்தியதற்குக் காரணம் அப்போதுதான் விளங்கியது. அந்த நிறுவனத்துக்கு மூன்று தடவை கோபமாக மெயில் போட்டிருந்தேன். மன்னிப்புக் கேட்டு நான்காவது மெயில் அனுப்பினேன்.

கம்ப்யூட்டரை முழுக்க அழித்து மறுபடி விண்டோஸ் ஏற்றினோம். எல்லா பாஸ்வேர்டையும் வேறொரு கருவியில் இருந்து மாற்றினேன். இந்த ஆளிடம் வாங்கியவர்கள் யாராவது இருந்தால், விலக்குப் பட்டியலையும் ஹோஸ்ட்ஸ் கோப்பையும் இன்றே பாருங்கள். பிளகினை மட்டும் நீக்கினால் அவை போகாது. சந்தேகம் இருந்தால் நான் செய்ததுபோல மொத்தமாக அழித்து ஏற்றுவதுதான் நிம்மதி. பாடல் கோப்புகளை மட்டும் முதலில் வெளியே எடுத்துக்கொள்ளுங்கள்.

பணம் போனவர்கள் 1930 என்ற சைபர் மோசடிப் புகார் எண்ணில் உடனே சொல்ல வேண்டும். நான் ஒரு மாதம் கழித்துச் சொன்னேன், அதற்குள் பணம் கை மாறியிருக்கும் என்றார்கள். புகார் எண் கிடைத்திருக்கிறது, பணம் வரவில்லை. யுபிஐ விவரமும் வாட்ஸ்அப் உரையாடலும் கையில் இருந்ததால் புகாரையாவது பதிய முடிந்தது. வெட்கப்பட்டு எதையும் அழித்துவிடாதீர்கள்.

அந்த 9 நிமிடத்தை மறுபடி செய்தேன். இந்தத் தடவை ஒரு ரூபாய் செலவில்லை. காற்றைக் குரலாக்க பால்எக்ஸ்ஸ்ட்ரெச், உடுக்கையை மழையாக்க ஃப்ராக்சர், கடலின் ஆழத்துக்கு சூப்பர்மாசிவ். எல்லாம் அதைச் செய்தவர்களின் தளத்தில் இருந்து நேரடியாக எடுத்தவை. எதிரொலிக்கு மாத்தூர் தொட்டிப்பாலத்தின் அடியில் போய், அந்த 115 அடி உயரத் தூண்களுக்கு நடுவே பலூன் உடைத்து, அந்த ஓசையைப் பதிவு செய்தேன். அதை ரீப்பருடனேயே வரும் ரீவெர்ப் என்ற பிளகினில் ஏற்றினால், எந்தச் சத்தமும் அந்தத் தூண்களுக்கு நடுவே நின்று ஒலிக்கும். அந்த ஆள் பட்டியலில் இப்படி ஓர் இடத்தின் எதிரொலியை ஏற்றும் கன்வல்யூஷன் ரிவர்ப் ஒன்றுக்கு 6,000 என்று மதிப்புப் போட்டிருந்தார். அந்த வேலையைச் செய்யும் கருவி நான் ரீப்பர் வாங்கிய நாளில் இருந்து என் கம்ப்யூட்டரிலேயே இருந்திருக்கிறது.

முதலில் இருந்து கடைசிவரை மூன்று தடவை கேட்டேன், ஒரு தடவை கோயில் ஸ்பீக்கரிலேயே. காணாமல் போன மூன்று பெயர்களும் தெளிவாகக் கேட்கின்றன. பங்குப் பேரவையில் கொடுத்துவிட்டு வந்தேன். வரும் நவம்பர் 30க்கு மறுபடி போடலாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.