துப்பட்டியா, அபாயாவா, சுடிதாரும் ஷாலுமா: நம் வெயிலுக்கும் வேலைக்கும் எது பொருந்தும்?

காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடலோர ஊர்களில் முஸ்லிம் பெண்கள் தெருவில் இறங்கினால் சேலைக்கு மேல் வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொள்வது வெகுகாலம் வழக்கமாக இருந்தது. வளைகுடாவுக்கு வேலைக்குப் போவது பெருகிய பிறகு அந்த வெள்ளை மெல்ல விலகியது. கருப்பு அபாயா வந்து, ஊர்ப்பேச்சில் ஃபர்தா ஆனது. இன்று கல்லூரிக்கும் அலுவலகத்துக்கும் போகும் பலருக்கு நீளச் சுடிதாரும் தலையில் சுற்றிய ஷாலும் போதுமாக இருக்கிறது. உடை தளர்வாக இருக்க வேண்டும், உள்ளே தெரியக்கூடாது என்பவையே ஆலிம்கள் (மார்க்க அறிஞர்கள்) பொதுவாகச் சொல்லும் நிபந்தனைகள். கருப்பு நிறம் அவற்றில் இல்லை. எது கூடுதல் பேணுதல் என்று சண்டை பிடிப்பதைவிட, எந்தத் துணி எந்த வேலையில் கைகொடுக்கும், எங்கே காலை வாரும் என்று பார்ப்பது பயன் தரும்.

துப்பட்டியின் பலம் அதன் துணி. மெல்லிய பருத்தி வியர்வையை உறிஞ்சி உலர்த்தும். வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பியனுப்பும். 5 அடி 3 அங்குல உயரமுள்ளவருக்கு சுமார் 2.5 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம் தேவை. பலவீனம், அதைக் கையால் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதுதான். இடுப்பில் பிள்ளை, தோளில் பை, பேருந்துக் கம்பி என்றால் மூன்றாவது கைக்கு எங்கே போவது? தொழுகையின்போது போடும் மக்கனாவில் (முக்காட்டில்) இருப்பதுபோல நெற்றி விளிம்பில் நாடா தைத்துப் பின்னால் முடிந்துகொண்டால் பாதிச் சிக்கல் தீரும். மழையில் நனைந்தால் மட்டும் தப்ப வழியில்லை. ஈர வெள்ளைப் பருத்தி உள்ளே இருப்பதையெல்லாம் காட்டிவிடும்.

அடையாளம் என்று வரும்போது துப்பட்டி சொன்னது வேறு. போர்த்தியவர் யார் என்பதை மறைத்து, எந்தப் பக்கத்துக்காரர் என்பதைக் காட்டியது. பணக்கார வீட்டுப் பட்டும் ஏழை வீட்டு நூல்சேலையும் தெருவில் ஒரே வெள்ளைக்குள் போயின. அபாயா வந்ததும் ஊர் அடையாளம் அழிந்தது. காயலும் கீழக்கரையும் ஹைதராபாதும் ஒரே கருப்பில் கலந்தன. அது ஒரு பெரிய சமுதாயத்தின் பகுதியாக உணரவைக்கிறது, உண்மைதான். ஆனால் கல் வேலைப்பாடு, ஜரிகைக் கை, பெயர்பெற்ற கடையின் வெட்டு என்று உள்ளே இருந்த அலங்காரமும் அந்தஸ்தும் மேலுடைக்கே இடம் மாறிவிட்டன.

அபாயாவின் வசதியை யாரும் மறுக்க முடியாது. வீட்டு நைட்டிக்கு மேல் போட்டுக்கொண்டு இரண்டு நிமிடத்தில் கிளம்பலாம்; இரண்டு கையும் வேலைக்குக் கிடைக்கும். அளவு அங்குலத்தில் வரும்: 5 அடி 2 அல்லது 3 அங்குல உயரத்துக்கு 54, 5 அடி 4 அல்லது 5 என்றால் 56. அதிகம் நடக்கும் வேலை இருந்தால் தரையிலிருந்து 5 சென்டிமீட்டர் தூக்கியே மடித்துத் தையுங்கள். தரையைத் தொடும் கரை படிக்கட்டில் காலை இடறும். வாங்கும் முன் துணிக்குள் கையை விட்டு, வெளியிலிருந்து செல்போன் டார்ச்சை அடித்துப் பாருங்கள். விரல்கள் தெளிவாகத் தெரிந்தால் வெளி வெயிலில் காலும் தெரியும்.

சிக்கல் துணியில்தான். கடையில் நிதா, சூம், கிரேப் என்று எந்தப் பெயரில் விற்றாலும் பெரும்பாலும் அது பாலியெஸ்டர். சுருங்காது, சாயம் போகாது, விலையும் கட்டுப்படியாகும். ஆனால் வியர்வையை உறிஞ்சாது. பாலைவனத்துப் பெதுயின்கள் கருப்பங்கி போடுகிறார்களே என்பார்கள். அதை அளந்து பார்த்த ஓர் ஆய்வு 1980இல் ‘நேச்சர்’ அறிவியல் இதழில் வந்தது. கருப்பு அங்கி கூடுதல் வெப்பத்தை உறிஞ்சினாலும், தளர்ந்த துணிக்குள் ஓடும் காற்று அதை வெளியேற்றிவிடுவதால், வெள்ளை அங்கிக்கும் கருப்புக்கும் உடலில் படும் சூட்டில் வித்தியாசம் இல்லை என்பது அதன் முடிவு. அது வறண்ட காற்று, நன்கு தளர்ந்த அங்கி. நம் கடலோர ஈரக்காற்றில், உடம்போடு ஒட்டிய பாலியெஸ்டருக்குள் அந்தக் காற்றோட்டம் நடக்காது. கழுத்திலும் அக்குளிலும் வேர்க்குரு வருவது இதனால்தான். உள்ளே பருத்தி உள்ளாடையும் பாவாடையும் போட்டால் அவை வியர்வையை உறிஞ்சும், துணி காலில் ஒட்டுவதும் குறையும்.

இரண்டு இடங்களில் அபாயா ஆபத்தாகும். ஒன்று அடுப்படி. அகலக் கை தீயைத் தொட்டால் பாலியெஸ்டர் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். மணிக்கட்டில் எலாஸ்டிக் வையுங்கள். சமையலுக்குப் போகும்போது அபாயாவைக் கழற்றிவிடுவது இன்னும் நல்லது. மற்றொன்று இருசக்கர வாகனம். பின்சக்கரத்தில் பாதியளவாவது மறைக்கும் சேலைத் தடுப்பு மோட்டார் வாகன விதிப்படி கட்டாயம். அழகுக்காக அதைக் கழற்றிய வண்டியில் ஏறாதீர்கள். தடுப்பு உள்ள வண்டியில் ஏறினாலும் கீழ்விளிம்பைத் தொடைக்கு அடியில் சுருட்டி உட்காருங்கள்.

சுடிதாரும் ஷாலும் சேர்ந்த உடை மூன்றிலும் அதிக யோசனை கேட்பது. தினமும் நிறம், துணி, நீளம் எல்லாம் பொருந்த வேண்டும். அதனாலேயே இது அணிபவரின் சொந்த ரசனையைக் காட்டும் உடை. குர்தா முழங்காலுக்குக் கீழே 10 சென்டிமீட்டராவது இறங்கட்டும். பக்கவெட்டு இடுப்பில் தொடங்காமல் தொடை நடுவில் தொடங்கட்டும். ஷாலுக்கு 180 சென்டிமீட்டர் நீளம், 70 சென்டிமீட்டர் அகலம் போதும். ஷிஃபான் பார்க்க அழகு, ஆனால் வழுக்கும்; உள்தொப்பியும் இரண்டு மூன்று பின்னும் இல்லாமல் நிற்காது. இழுத்தால் நீளும் ஜெர்ஸி துணி பின் இல்லாமலே நிற்கும், மே மாதத்தில் வேகவைக்கும். எங்கள் தேர்வு ‘வாயில்’ (voile) எனும் மெல்லிய பருத்தி அல்லது ‘மோடல்’ எனும் மென்மையான துணி.

பின்னை உதட்டில் கவ்விக்கொண்டு ஷால் சுற்றும் பழக்கத்தை இன்றே விடுங்கள். பேசும்போதோ சிரிக்கும்போதோ அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடுகிறது. பல நாடுகளின் மருத்துவ இதழ்களில் இளம்பெண்களுக்கு நேர்ந்த இந்த விபத்து திரும்பத் திரும்பப் பதிவாகியிருக்கிறது. காந்தப் பின்னில் இந்தப் பயம் குறைவு, ஆனால் அணிபவர் பேஸ்மேக்கர் வைத்திருந்தாலோ, எம்ஆர்ஐ எடுக்கப் போனாலோ அது கூடாது. உள்தொப்பியை இறுக்கிக் கட்டினால் நெற்றியோர முடி பின்வாங்கும். ஈரத்தலையில் கட்டினால் பொடுகும் நாற்றமும் நிச்சயம்.

நிறுவன வாசலில் மூன்றுக்கும் ஒரே வரவேற்பு கிடைப்பதில்லை. இலங்கையின் திருகோணமலையில் 2018இல் ஆசிரியைகள் சேலைக்குப் பதில் அபாயாவில் பள்ளிக்கு வந்தது பெரும் சர்ச்சையானது. முஸ்லிம் ஆசிரியைகள் சேலையும் முக்காடுமாக வந்த பழக்கம் அங்கே இருந்ததால், புதிய உடை மட்டும் தனியாகத் துருத்தித் தெரிந்தது. கர்நாடகத்தில் வகுப்பறை ஷாலே வழக்கானது. 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் மாறுபட்ட தீர்ப்பு தந்தார்கள். நீட் தேர்வுக்கு ஷாலோடு போகலாம், ஆனால் சோதனைக்காக முன்கூட்டியே மையத்துக்குப் போய்விட வேண்டும். அன்று உலோகப் பின் வேண்டாம். இழுத்துப் போடும் ஜெர்ஸி ஷால்தான் சரி.

அன்றாட வேலைக்கு எங்கள் ஓட்டு சுடிதாருக்கும் ஷாலுக்கும். இரவுப் பயணம், அவசரக் கிளம்பல் என்றால் அபாயா. தைத்துக்கொள்ள மனம் இருப்பவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது: துப்பட்டியின் துணியில் அபாயாவின் வெட்டு. சாம்பல், தவிட்டு நிறம், கரும்பச்சை என்று ஏதாவது ஒன்றில் கெட்டியான கேம்பிரிக் பருத்தி, 44 அங்குல அகலத்தில் 4 மீட்டர் வாங்குங்கள். வெட்டும் முன் ஓர் இரவு தண்ணீரில் ஊறப்போட்டு உலர்த்துங்கள். இதைச் செய்யாமல் தைத்த 54 அளவு, இரண்டு சலவையில் 52 ஆகிக் கணுக்காலுக்கு மேலே ஏறிவிடும்.