ஏஆர்எம் விபிஎஸ்: எட்டு மாதம் ஓட்டிப் பார்த்த பிறகு

எட்டு மாதங்களுக்கு முன் என் தளங்கள் எல்லாவற்றையும் ஓர் ஏஆர்எம் விபிஎஸ்ஸுக்கு மாற்றினேன். விபிஎஸ் என்பது வாடகைக்குக் கிடைக்கும் மெய்நிகர் சர்வர்; ஏஆர்எம் என்பது கைபேசிகளில் பரவலாக இருக்கும் சிப் கட்டமைப்பு. இரண்டு கோர், 4 ஜிபி நினைவகம். உள்ளே நுழைந்து பார்த்தால் சிபியு நியோவர்ஸ் என்1 என்று வருகிறது. ஆம்பியர் ஆல்ட்ரா சிப்பில் இருப்பது அதுதான். அதில் மூன்று வேலைகள் ஓடுகின்றன: ஒரு வேர்ட்பிரஸ் தளம், ஒரு போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், பல ஆண்டுகளுக்கு முன் நான் சி மொழியில் எழுதிய ஓர் எழுத்து மாற்றி. பழைய டிஸ்கி குறியேற்றத்தில் கிடக்கும் தமிழ்க் கோப்புகளை யூனிகோடுக்குக் கொண்டுவருவது அதன் வேலை.

விபிஎஸ் திட்டங்களில் 'விசிபியு' (மெய்நிகர் சிபியு) என்று போட்டிருப்பது எல்லா இடத்திலும் ஒரே பொருள் அல்ல. எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி சிப்களின் கட்டமைப்பு) சர்வர்களில் அது பெரும்பாலும் ஒரு ஹைப்பர்த்ரெட், அதாவது ஒரு கோரில் ஓடும் இரண்டு இழைகளில் ஒன்று. ஒரே கோரை இரண்டு விசிபியுக்கள் பங்கிட்டுக்கொள்கின்றன. ஆல்ட்ராவில் ஹைப்பர்த்ரெட் ஏற்பாடே கிடையாது. சிப்பில் 80 கோர் இருந்தால் 80 இழைகள்தான். ஆகவே ஒரு விசிபியு என்பது ஒரு முழுக் கோர். பகிர்வுத் திட்டம் என்றால் அந்தக் கோரையே பலருக்கும் கொடுக்க வழி உண்டு என்பதால், வாங்கிய முதல் வாரம் 'டாப்' கட்டளையில் 'எஸ்டி' என்ற எண்ணைக் கவனித்துக்கொண்டே இருந்தேன். நமக்குரிய சிபியு நேரம் மற்றவர்களுக்குப் போவதைக் காட்டுவது அது. என் சர்வரில் அது பூஜ்யத்தைத் தாண்டுவது அபூர்வம்.

தனி ஒரு பக்கம் திறக்கும் வேகத்தில் என் பழைய எக்ஸ்86 சர்வர் சற்று முந்தியே இருந்தது. கூட்டம் கூடும்போதுதான் வித்தியாசம் தெரிகிறது. பழையதில் இரண்டு கோரும் நிரம்பியதும் பக்கங்கள் தாறுமாறாகத் தாமதிக்கும். இங்கே ஒரே சீராக வருகின்றன. எனக்கு இந்தச் சீர்தான் முக்கியம்.

குடிபெயர்வு பற்றி: பழைய சர்வரின் ஸ்னாப்ஷாட்டை (முழு வட்டின் நகலை) அப்படியே இங்கே ஏற்ற முடியாது, அதில் உள்ள நிரல்கள் எக்ஸ்86-க்குக் கம்பைல் ஆனவை. போஸ்ட்கிரெஸ்ஸின் தரவுக் கோப்புறையையும் நகலெடுத்து வைக்கக் கூடாது. தரவை ஒரு கோப்பாக வெளியே எழுதும் டம்ப் எடுத்துத்தான் மீட்க வேண்டும். டெபியன் 2015-இல் வந்த 8-ஆம் பதிப்பிலிருந்தே 64 பிட் ஏஆர்எம்மை அதிகாரப்பூர்வமாக ஆதரிப்பதால், பொதிகள் எல்லாம் கேட்டவுடன் வந்தன. மென்பொருளை இமேஜ் என்ற தயார்ப் பொட்டலமாக ஓட்டும் டாக்கரில் ஒரே ஓர் இடத்தில் நின்றேன். எந்த இமேஜ்கள் வேண்டும் என்று பட்டியலிடும் என் பழைய கம்போஸ் கோப்பு, மைஎஸ்கியூஎல் 5.7 தரவுத்தளத்தின் இமேஜைக் கேட்டது. அது எக்ஸ்86-க்கு மட்டுமே உண்டு. அதற்கு இணையான மரியாடிபிக்கு மாறினேன், அரை மணி நேர வேலை. 'எக்ஸெக் ஃபார்மட் எரர்' என்று வந்தால் இமேஜ் வேறு கட்டமைப்புக்கு உரியது என்று பொருள். வேறு கட்டமைப்பின் சிபியுவைப் பாவனை செய்யும் கியூஎமு கொண்டு அதை ஓட்டலாம் என்பார்கள். சோதனைக்குச் சரி, தினசரி வேலைக்கு அந்த மந்தம் தாங்காது.

என்னை இரண்டு இரவுகள் உட்கார வைத்தது எழுத்து மாற்றிதான். தடையின்றிக் கம்பைல் ஆனது, ஓடியது, பிழைச் செய்தி ஏதும் இல்லை. ஆனால் உள்ளே போன டிஸ்கி கோப்பு ஓர் எழுத்தும் மாறாமல் அப்படியே வெளியே வந்தது.

டிஸ்கியில் தமிழ் எழுத்துகள் 128-க்கு மேற்பட்ட பைட்டுகளில் இருக்கின்றன. 'அ' 171. எக்ஸ்86-இல் ஒரு பைட்டை வைக்கும் 'கேர்' வகை மாறி குறியுள்ளது (எதிர்ம எண்களையும் ஏற்பது) என்பதால், அந்த 171 அங்கே -85 ஆகத் தெரியும். அந்த நாளில் நான் எழுதிய நிபந்தனை இதுதான்: மதிப்பு பூஜ்யத்துக்குக் கீழே இருந்தால் அது தமிழ் எழுத்து. ஏஆர்எம் லினக்ஸில் 'கேர்' குறியற்றது. 171 அங்கே 171 தான். நிபந்தனை ஒருமுறைகூட உண்மையாகவில்லை. சி மொழியின் தரநிலை இதைக் கம்பைலரின் விருப்பத்துக்கு விட்டிருக்கிறது. ஏஆர்எம் குறியற்றதைத் தேர்ந்ததற்கும் காரணம் உண்டு: 1985-இல் வந்த அதன் முதல் சிப்பில் குறியுள்ள பைட்டை நினைவகத்திலிருந்து ஏற்றும் கட்டளையே கிடையாது.

இதைவிட என்னைக் குழப்பியது என் மடிக்கணினி. அதுவும் ஏஆர்எம்தான், ஆப்பிள் சிப். அங்கே நிரல் பிசகாமல் ஓடியது. ஆப்பிள் தன் இயங்குதளத்தில் 'கேர்' வகையைக் குறியுள்ளதாகவே வைத்திருக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது. வீட்டு ஏஆர்எம்மில் ஓடுகிறதே என்று சர்வரில் ஏற்றுபவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். குறியுள்ளதாக எடுத்துக்கொள் என்று ஜிசிசியிடம் சொல்ல ஒரு தேர்வு உண்டு. நான் அதைத் தொடவில்லை. மாறியைக் குறியற்றதாக அறிவித்து, 128-க்குச் சமமா, மேலா என்று நிபந்தனையை மாற்றி எழுதினேன். பிழை என்னுடையது, இத்தனை ஆண்டுகள் எக்ஸ்86 அதை மூடி வைத்திருந்தது.

திறமூல மென்பொருள்களை மட்டும் ஓட்டுபவர்கள் தயங்காமல் வரலாம். மூலநிரல் தராமல் எக்ஸ்86 பைனரியை மட்டும் தரும் மென்பொருள் ஒன்று இருந்தாலும் முதலில் அதன் தயாரிப்பாளரிடம் கேட்டுவிடுங்கள். என்னிடம் அப்படி ஒரு பிடிஎஃப் கருவி இருக்கிறது. அதற்காக மட்டும் பழைய நிறுவனத்தில் மிகச் சிறிய எக்ஸ்86 திட்டம் ஒன்றை விடாமல் வைத்திருக்கிறேன்.