“1200 பீஸ்” நட்டு போல்ட்டுப் பெட்டி: வாங்குமுன் இதைப் படியுங்கள்

வீட்டுப் பட்டறைக்கு ஆன்லைனில் மலிவான நட்டு, போல்ட்டு, ஸ்க்ரூ பெட்டி வாங்க நினைக்கிறவர்களுக்காக இந்தப் பதிவு. திருநெல்வேலி பேட்டைப் பக்கம் ஒரு வீட்டுப் பட்டறைக்கு வந்த பெட்டியைக் கொட்டி எண்ணி, வெர்னியர் அளவுகோலில் அளந்து, தராசில் நிறுத்துப் பார்த்த விவரம் இது.

பெட்டிமேல் ஒட்டியிருந்தது: 1200 பீஸ், எம்3 முதல் எம்6 வரை (எம் என்றால் மெட்ரிக், எண் என்பது மி.மீ.யில் விட்டம்), கிரேடு 8.8 (வலிமையைச் சொல்லும் எண்). எண்ணியபோது இருந்தது 1068. அதில் தட்டை வாஷர் 410, ஸ்பிரிங் வாஷர் 150, நட்டு 268. போல்ட்டு 240 மட்டும். அந்த 240-லும் எம்3 110, எம்4 80, எம்5 36. வீட்டு வேலைக்குக் கை அடிக்கடி தேடுகிற எம்6 வெறும் 14. தட்டை வாஷர் என்பது தகட்டில் ஒரு குத்து. போல்ட்டுக்குத் தலை அடித்து மரை உருட்ட வேண்டும். அதனால்தான் வாஷரைக் கொட்டி எண்ணிக்கையை ஏற்றுகிறார்கள். விளம்பரத்தில் மொத்தம் எத்தனை என்று பார்க்காதீர்கள். எம்5, எம்6, எம்8 போல்ட்டு எத்தனை என்று பாருங்கள். அளவுவாரி எண்ணிக்கை போடாத பெட்டியை வாங்கவே வேண்டாம்.

எண்ணிக்கை குறைந்ததைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், அளவு குறைந்ததைப் பொறுக்க முடியாது. எம்6 போல்ட்டின் வெளிவிட்டம், சாதாரணப் பொருத்தத்துக்கு 5.79 மி.மீ.க்கும் 5.97 மி.மீ.க்கும் நடுவில் இருக்க வேண்டும். இந்தப் பெட்டியில் 5.6. தலை அகலம் 10 இருக்க வேண்டிய இடத்தில் 9.6. நட்டின் கனம் 5 மி.மீ. இருக்க வேண்டும், இருந்தது 3.9. 20 மி.மீ. நீளம் என்று போட்டது 18.5. சரியான எம்6×20 போல்ட்டு ஒன்று சுமார் 6 கிராம், நட்டு சுமார் 2.5 கிராம் வரும். இங்கே போல்ட்டு 5, நட்டு 1.7. வெர்னியர் இல்லாதவர்கள் பத்துப் பத்தாகச் சமையல் தராசில் வைத்தாலே குட்டு வெளிப்பட்டுவிடும்.

ஒல்லியான போல்ட்டில் கனமில்லாத நட்டைப் போட்டால் என்ன ஆகும்? முதலில் நன்றாகத்தான் பிடிக்கும். ஸ்பேனரில் இறுக்கம் ஏறிக்கொண்டே வந்து, சட்டென்று கை லேசாகும். அதற்குப் பிறகு எவ்வளவு திருகினாலும் சும்மா சுற்றும். கழற்றிப் பார்த்தால், போல்ட்டின் மரைப் பள்ளத்தில் தலைமுடி போன்ற இரும்புச் சுருள் ஒன்று சுற்றிக் கிடக்கும். அது நட்டின் உள்மரை உரிந்து வந்தது. நல்ல ஜோடியில் நட்டின் மரை உரிவதற்குமுன் போல்ட்டுதான் அறும். அறுந்தது கண்ணுக்குத் தெரியும். மரை பாதி உரிந்து நிற்கிற நட்டு வெளியே ஒன்றும் காட்டாது, பாரம் ஏறும் நாளில்தான் கழன்று வரும். 9.6 தலையில் 10 ஸ்பேனர் ஆடும் என்பதால், இரண்டு முறை கழற்றி மாட்டினால் முனை மழுங்கி உருண்டைத் தலை ஆகிவிடும்.

8.8 என்பது அலங்கார எண் இல்லை. முதல் 8, இழுவிசை வலிமை (அறுவதற்குமுன் தாங்கும் இழுப்பு) 800 மெகாபாஸ்கல் என்பதைச் சொல்கிறது. அடுத்த .8, அதில் 80 சதவீதம், அதாவது 640 வரை நிரந்தரமாக நீளாமல் தாங்கும் என்பதை. 4.6 என்றால் 400, 240. எம்5-இலும் அதற்கு மேற்பட்ட அளவிலும் உள்ள அறுகோணத் தலைப் போல்ட்டில், தலையிலேயே இந்த எண்ணும் தயாரித்தவரின் குறியும் பொறித்திருக்க வேண்டும். இந்தப் பெட்டியில் தலை மொழுமொழுவென்று இருந்தது, 8.8 ஸ்டிக்கரில் மட்டும். குறி இல்லாத போல்ட்டை 4.6 என்றுகூட நம்பாதீர்கள். எம்6 8.8-க்குச் சுமார் 10 நியூட்டன் மீட்டர் இறுக்கலாம். மட்டமான போல்ட்டு அதில் பாதிக்கே நீண்டுவிடும்.

நம்ம ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு. பழைய பம்ப்செட், கிரில் கேட், மாவு மில் சாமான்களில் நூல் கணக்குப் போல்ட்டுதான் இருக்கும். இஞ்சுக்கு 8 நூல். 2 நூல் கால் இஞ்ச், 2½ நூல் 5/16, 3 நூல் 3/8. 5/16 பி.எஸ்.டபிள்யூ. (பழைய பிரிட்டிஷ் இஞ்ச் மரை) போல்ட்டின் விட்டம் 7.94 மி.மீ., கண்ணுக்கு எம்8 மாதிரியே தெரியும். ஆனால் அதில் இஞ்சுக்கு 18 மரை, அதாவது மரைக்கு மரை இடைவெளி (பிட்ச்) 1.41 மி.மீ., எம்8-இன் பிட்ச் 1.25. நட்டு இரண்டு மூன்று சுற்று ஏறி இறுகிக்கொள்ளும். பிடித்துவிட்டது என்று நினைத்து ஸ்பேனரைப் போட்டால் இரண்டு மரையும் போச்சு. கையால் கடைசிவரை ஏறாத நட்டை ஸ்பேனரால் ஏற்றாதீர்கள். மலிவுப் பெட்டிகள் முழுக்க மெட்ரிக் அளவில் வருவதால், பழைய சாமான் பழுதுபார்க்கிறவருக்கு அவற்றில் பாதி உதவாது.

‘எஸ்.எஸ். 304’ (ஒரு வகைத் துருப்பிடிக்காத எஃகு) என்று விற்கும் பெட்டிகளைப் பற்றி: காந்தம் ஒட்டவில்லை என்றால் 304 என்று முடிவுகட்ட முடியாது. நிக்கல் குறைந்த, மாங்கனீசு கூடிய 202 வகை எஃகிலும் காந்தம் பெரிதாக ஒட்டாது. உண்மையான 304 போல்ட்டுகூட, குளிர்நிலையில் அடித்து உருட்டியதால் லேசாக இழுக்கும். காந்தம் பச்சக்கென்று கவ்வினால் முலாம் பூசிய இரும்பு என்று சந்தேகப்படலாம், அவ்வளவுதான். நல்ல போல்ட்டின் தலையில் ஏ2-70 என்று இருக்கும், ஏ2 என்பது 304 வகை. கடல் பக்கத்துக்கு ஏ4, அதாவது 316 வகை. உவரி, கூத்தன்குழி, இடிந்தகரைப் பக்கம் உப்புக்காற்றில் 202 சீக்கிரமே செம்புள்ளி விடும். ஜிங்க் முலாம் பூசிய பெட்டிச் சரக்கு அதற்கும் முன்னால் துருவேறும். மின்முலாம் வழக்கமாக 5 முதல் 8 மைக்ரான்தான், மலிவில் அதுவும் இருக்காது. நாலைந்து போல்ட்டை உப்புத்தண்ணீரில் நனைத்த துணியில் சுற்றி இரண்டு மூன்று நாள் வைத்தால் தரம் தெரியும்.

ஸ்க்ரூ பெட்டியில் கவனிக்க வேண்டியது தலையிலுள்ள நட்சத்திரப் பள்ளம். ஆழம் போதாமலோ நடுவிலிருந்து விலகியோ இருந்தால் பிட் நழுவிப் பள்ளத்தைத் தின்றுவிடும். பத்து ஸ்க்ரூவை எடுத்து 2-ஆம் நம்பர் ஸ்டார் பிட்டில் குத்தி, படுக்கைவாட்டில் பிடியுங்கள். விழாமல் நிற்க வேண்டும். 8-ஆம் நம்பர் ஸ்க்ரூவின் விட்டம் 4.2 மி.மீ. இருக்க வேண்டும். பனங்கட்டையிலோ வேம்பிலோ 3 மி.மீ. துளை போடாமல் ஏற்றினால் நல்ல ஸ்க்ரூவே திணறும்; பெட்டி ஸ்க்ரூ கழுத்தில் அறுந்து, தண்டு உள்ளேயே தங்கிவிடும். கறுப்பு ஜிப்சம் போர்டு ஸ்க்ரூவை அலமாரித் தாங்கிக்குப் போடாதீர்கள். அது கடினமாக்கிய சாமான். பக்கவாட்டுப் பாரத்தில் வளையாது, ஒடியும். ஆனி ஆடிக் காற்றில் அடித்துக்கொள்ளும் தகரக் கொட்டகைக்கு, ரப்பர் வாஷரோடு கூடிய கூரை ஸ்க்ரூவைத் தனியாகத்தான் வாங்க வேண்டும்.

பெட்டிக்குப் பதில் என்ன வாங்கலாம்? டவுனிலோ ஜங்ஷன் பக்கமோ ஹார்டுவேர் கடையில் நின்று, “அண்ணாச்சி, எம்6-க்கு 20, தலையில 8.8 போட்டது அரைக்கிலோ குடுங்க” என்று கேளுங்கள். அரைக்கிலோவில் எண்பது போல்ட்டுக்கு மேல் வரும். எம்8×25 கிலோவுக்குச் சுமார் எழுபது. தொடக்கத்துக்கு எம்5×20, எம்6×20, எம்6×40, எம்8×25, எம்8×50 போதும். நட்டு போல்ட்டைவிடக் கொஞ்சம் கூடுதலாகவும், வாஷர் இரண்டு பங்கும் எடுங்கள். எம்6 வாஷரின் கனம் 1.6 மி.மீ. இருக்க வேண்டும், விரலால் வளைகிற வாஷரை அங்கேயே திருப்பிக் கொடுங்கள். எடுக்கும்போதே ஒரு நட்டை ஒரு போல்ட்டில் முழுக்க ஓட்டிப் பாருங்கள். நல்ல கடைக்காரர் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார். எம்3, எம்4 வேண்டுமானால் சின்னப் பெட்டி வாங்கிக்கொள்ளலாம், அதில் பெரிய ஆபத்தில்லை.

ஆன்லைனில்தான் வாங்குவீர்கள் என்றால், பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள், எண்ணுவதையும் சேர்த்து. இந்தப் பெட்டிக்கு விற்றவர் தந்த பதில், “எண்ணிக்கையில் சிறு வித்தியாசம் வரலாம், மாற்றித் தருவோம், பணம் தர இயலாது”. 132 குறைவது சிறு வித்தியாசம் இல்லை. மாற்றி வந்ததும் அதே சரக்கு. பாக்கெட்டில் எண்ணிக்கை, அதிகபட்ச விலை, தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் முகவரி இருக்க வேண்டும் என்பது 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதி. எண்ணிக்கைக் குறைவுக்குத் தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவில் புகார் கொடுக்கலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் தூக்கிப்போட வேண்டாம். எம்3, எம்4-ஐ சுவிட்ச் பெட்டி மூடிக்கும் பெயர்ப் பலகைக்கும் போடுங்கள். மெல்லிய வாஷர் சந்து அடைக்க உதவும். எம்5, எம்6 அறைகளை மட்டும் டேப் ஒட்டி மூடி, “பாரத்துக்கு ஆகாது” என்று மார்க்கரில் எழுதி வையுங்கள். ஊஞ்சல் கொக்கி, சீலிங் ஃபேன், ஏணி, கிரைண்டரின் பாதுகாப்பு மூடி இவற்றுக்கு அவசரத்தில் யார் கையாவது அந்த அறைக்குப் போய்விடக் கூடாது.